நடராஜ குருவும் அவர் கண்ட இரு அச்சுகளும்

உதகமண்டலத்தை அடுத்த பெர்ன்ஹில், மைசூர் மன்னரின் கோடை மாளிகையால் பெயர் பெற்ற இடம். அறிவியலுக்கும் மெய்ஞ்ஞானத்திற்கும் பொதுவானதொரு மொழியை வாழ்நாளெல்லாம் தேடிய நடராஜ குருவின் குருகுலம் நிலைகொண்டதும் அவ்விடத்திலேதான்.

அவர் 1895ஆம் ஆண்டு பெங்களூரில் பிறந்தார். தந்தையார் டாக்டர் பல்பு. சென்னையில் மருத்துவம் கற்றும், ஈழவர் குலத்தவர் என்ற ஒரே காரணத்தால் திருவிதாங்கூரில் பணி மறுக்கப்பட்டு மைசூர் அரசில் மருத்துவராய் அமைந்தவர் அவர். பட்டத்தையும் அரசுப் பணியையும் உரிமையாகக் கேட்டுப் போராடிய அத்தந்தையின் மைந்தர், சென்னையில் முதுகலை அறிவியலும் ஆசிரியப் பயிற்சியும் முடித்தபின், அவற்றால் கிடைக்கத்தக்க பதவிகளை நாடாது துறவை நாடினார். தந்தைக்கு இது எளிதாய் இருந்திராது.

அவரை ஆட்கொண்டவர் நாராயண குரு. தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். குறளின் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். அவர் பெயரால் 1923இல் நீலகிரியில் குருகுலம் தொடங்கிற்று. 1928இல் குருவின் விருப்பப்படி சீடர் ஐரோப்பா சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் குரு சமாதியடைந்தபோது அவர் அருகில் இல்லை. ஜெனீவாவை அடுத்த கிளான்ட் பள்ளியில் ஆசிரியராயிருந்துகொண்டே, பாரிசின் சோர்போன் பல்கலைக்கழகத்திற்குப் பிரெஞ்சு மொழியில் ஆய்வேடு அளித்து முனைவர் பட்டம் பெற்றார். கல்வியில் ஆளுமை வகிக்கும் பங்கு அதன் பொருள். ஆராயின், பிரிந்த குருவைப் பற்றிய நூலே அது எனலாம்.

பெர்க்சனின் காலக்கொள்கையும் தெக்கார்த்தின் அச்சுக்கோடுகளும் அவர் சிந்தையில் வேதாந்தத்தோடு கலந்தன. அவர் கொள்கையைத் தேயிலைச் செடி கொண்டு விளக்கலாம். கவாத்து செய்யப்பட்டு வரிசையில் நிற்கும் செடி, தன்னிடத்தில் மற்றொன்றை நிற்கவொட்டாது. எண்ணவும் அளக்கவும் வருவது. இது கிடையச்சு. அச்செடியே, வெட்டாமல் விட்டால் மரமாகும் ஆற்றலாய், வித்துத் தொடங்கித் தேயிலை என்னும் பொதுக்கருத்து வரை அறுபடாது ஓடுவது நெடிய அச்சு. அளப்பது அறிவியல், உணர்வது ஞானம் என்று பிரித்து வைப்பதை அவர் ஏற்கவில்லை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியிலிருந்தே முழுமுதலை நோக்க வேண்டும் என்றார். நாராயண குருவின் நூறு சுலோகங்கள் கொண்ட தரிசனமாலையை அடித்தளமாக்கி, இக்கொள்கையை ஒருங்கிணைந்த முழுமுதல் அறிவியல் என ஆங்கிலத்தில் விரித்தெழுதினார். 1973இல் வர்க்கலையில் அவர் மறைந்த பின்னரே அது நூலாயிற்று.

சௌந்தரியலகரியையும் அவர் இவ்வச்சுகளைக் கொண்டே ஆராய்ந்தார். சில இடங்களில் சட்டம் முந்திக்கொண்டு செய்யுளின் சுவை பின்தங்கிவிடுகிறது, அதனை மறைப்பதற்கில்லை. எனினும் சுலோகத்தைச் சமன்பாட்டுக்கு நிகரான சான்றாகவே அவர் கொண்டார். கவிதையை அறிவுக்கு அணிகலன் என்றளவில் ஒதுக்கிய அறிவியற் கல்வியிலிருந்து வந்தவர் அவ்வாறு கொண்டது சிறிய துணிவன்று. கவிஞர்களைக் காட்டிலும் தத்துவப் பேராசிரியர்களே அவரைக் குறைவாகப் படித்தனர் என்பதும் வியப்பன்று.

அவருடைய மாணவர் நித்ய சைதன்ய யதி, 1999இல் மறையும் வரை பெர்ன்ஹில்லில் இலக்கியத்திற்கும் இசைக்கும் இடமளித்தார். தமிழ்க் கவிஞரும் மலையாளக் கவிஞரும் அக்குருகுலத்தில் கூடி, ஒருவர் கவிதையை மற்றவர் மொழியில் கேட்டு விவாதித்தனர்.