பேண்டேஜ் துணிக்காக மாநாடு மாநாடாக அலைந்த டாக்டர்: யார் இந்த ஜோசப் லிஸ்டர்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போனால் சத்திரப்பட்டி என்றொரு ஊர் வரும். அங்கே தறிச் சத்தம் கேட்டால் சேலைக்கு என்று நினைத்துவிடாதீங்க. நெய்வது பேண்டேஜ் துணி! காயத்தைச் சுத்தமான துணியால் மூடணும் என்பது இன்றைக்குச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் 150 வருஷத்துக்கு முன்னால், டாக்டர்களே அதை நம்பவில்லை. அவர்களை நம்பவைக்கப் போராடியவர்தான் ஜோசப் லிஸ்டர்.

1827-ல் இங்கிலாந்தில் பிறந்த லிஸ்டர், 1860-ல் கிளாஸ்கோவில் அறுவை சிகிச்சைப் பேராசிரியர் ஆனார். அப்போதெல்லாம் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தாலும், புண் சீழ்பிடித்து நோயாளி இறப்பது சகஜம். கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள். பிரான்ஸ் விஞ்ஞானி லூயி பாஸ்டரின் ஆய்வைப் படித்த லிஸ்டருக்குக் கிருமிகள் மேல் சந்தேகம் வந்தது.

1865 ஆகஸ்டில், வண்டிச் சக்கரம் ஏறி, எலும்பு முறிந்து, தோலும் கிழிந்த காலோடு 11 வயதுச் சிறுவன் வந்தான். வழக்கப்படி காலையே எடுக்க வேண்டிய காயம். லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். கால் பிழைத்தது.

கணக்கும் அவர் பக்கம்தான். புதிய முறைக்கு முன் அவரிடம் கை, கால் அகற்றப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 40 பேரில் 6 பேர் மட்டுமே.

அப்புறமும் ஏன் மாநாடு? கட்டுரை எழுதினால் மட்டும் யாரும் மாறவில்லை. 1876-ல் கடல் தாண்டி, அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த சர்வதேச மருத்துவ மாநாட்டுக்குப் போய்ப் பேசினார். மாநாட்டுத் தலைவர் சாமுவேல் கிராஸே இதை ஏற்காதவர்!

அந்தப் பிடிவாதத்துக்கு விலை உண்டு. 1881-ல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்ட் சுடப்பட்டபோது, டாக்டர்கள் கழுவாத விரலை விட்டே குண்டைத் தேடினார்கள். புண் சீழ்பிடித்து, 79 நாளில் அவர் இறந்துபோனார்.

லிஸ்டரும் எல்லாவற்றிலும் சரியில்லை. ஆபரேஷன் அறையில் அமிலத்தை ஸ்பிரே அடித்துக் காற்றைச் சுத்தம் செய்யணும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தார். 1890-ல் பெர்லின் மாநாட்டில், அது தேவையே இல்லை, அதைப் பரிந்துரைத்ததற்கே வெட்கப்படுகிறேன் என்று எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார்.

1912-ல் லிஸ்டர் காலமானார். ஸ்பிரே காணாமல் போச்சு. கை, கருவி, கட்டுத்துணி மூன்றிலும் கிருமி இருக்கக் கூடாது என்ற பாடம் மட்டும் நிலைத்துவிட்டது.