படுக்கையில் கழிந்த இருபது ஆண்டுகள்

துன்பம் வந்துற்றபோது மனிதன் கேட்கும் முதற் கேள்வி, இது எனக்கு ஏன் நேர்ந்தது என்பதாகும். நீண்ட யுத்தத்தையும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையையும் கண்ட எமது மக்களுக்கு இக்கேள்வி புதியதல்ல. சமயங்கள் இதற்குத் தத்தமக்குரிய விடைகளைத் தந்துள்ளன. துன்பத்தை, அன்புள்ள தந்தை தன் பிள்ளைக்கு அளிக்கும் பயிற்சியாக ஏற்றுக்கொள்ளுதல் கிறிஸ்தவம் தரும் விடைகளுள் ஒன்று. சொல்வதற்கு எளிதான இவ்விடை வாழ்ந்து காட்டுவதற்கு மிக அரிது. அவ்வாறு வாழ்ந்து காட்டியவர்களுள் ஒருவர், திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் அரை நூற்றாண்டு காலம் பணியாற்றி மறைந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் பன்னிரண்டாம் அதிகாரமே இச்சிந்தனைக்கு அடிப்படையாகும். நம்பிக்கையின் பொருட்டு இன்னல்களுக்கு உள்ளான மக்களை நோக்கி எழுதப்பட்டது அந்நிருபம். அங்கே தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு கையாளும் சொல் சிட்சை என்பதாகும். இன்று அச்சொல்லைக் கேட்டதும் தண்டனையே எம் நினைவுக்கு வருகிறது. எனினும், கற்பித்தல், பயிற்றுதல் என்பனவும் அதன் பொருள்களே. நிருபத்தின் மூலமொழியான கிரேக்கத்திலும் அச்சொல் பிள்ளையை வளர்த்து ஆளாக்குவதையே குறித்து நின்றது. தண்டனை, முடிந்துபோன குற்றத்தைப் பார்க்கிறது. பயிற்சி, வரவிருக்கும் வாழ்வைப் பார்க்கிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால் அம்மையாரின் வாழ்க்கையை விளங்கிக்கொள்வது எளிது.

அவர் 1867 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் திகதி வட அயர்லாந்தின் மில்லைல் என்னும் கரையோரச் சிற்றூரில் பிறந்தார். மாவாலை உரிமையாளரான தந்தைக்குப் பிறந்த ஏழு பிள்ளைகளில் இவரே மூத்தவர். தமது கபில நிறக் கண்கள் நீல நிறமாக மாறவேண்டும் எனச் சிறுவயதில் அவர் இறைவனிடம் மன்றாடினார் என்றும், காலையில் எழுந்து கண்ணாடியைப் பார்த்து ஏமாற்றமடைந்தார் என்றும் ஒரு செய்தி உண்டு. பின்னாளில் தென்னிந்தியப் பெண்களைப் போன்று சேலையுடுத்து ஊர்களுக்குள் சென்றபோது அக்கண்களே அவரை அந்நியராகக் காட்டாமல் உதவின என்பர். மறுக்கப்பட்ட வேண்டுதலும் ஒரு விடையே என்பது அவர் கற்ற முதற் பாடம்.

1885 இல் தந்தை காலமானார். அப்போது ஏமிக்கு வயது பதினேழு. பெல்பாஸ்ட் நகரின் ஆலைகளில் உழைத்த ஏழைப் பெண்களிடையே அவர் தமது பணியை ஆரம்பித்தார். நரம்பு வலி நோய் அவரை வாட்டியது. சீனாவுக்குச் செல்ல எடுத்த முயற்சி உடல்நிலை காரணமாகத் தடைப்பட்டது. 1893 இல் ஜப்பான் சென்றார். ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலத்தில் அங்கும் உடல் தளர்ந்தது. 1894 இல் எமது இலங்கைத் தீவுக்கு வந்து சிறிது காலம் தங்கிவிட்டு இங்கிலாந்து திரும்பினார். பின்னர் 1895 இல் பெங்களூரை வந்தடைந்து, அங்கிருந்து திருநெல்வேலிக்குச் சென்று, தமிழைக் கற்றார். அதன் பின்னர் அவர் ஒருபோதும் தாயகம் திரும்பவில்லை.

1901 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்படவிருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அச்சிறுமியைத் தொடர்ந்து மேலும் பல பிள்ளைகள் வந்தனர். டோனாவூர் அவர்களது இல்லமாகியது. 1918 முதல் ஆண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். பிள்ளைகளுக்கு அவர் அம்மாவானார். இப்பணியில் அவருக்குத் தோள்கொடுத்தவர்களுள் பலர் தமிழ்ப் பெண்கள். உற்ற வழிகாட்டியாக விளங்கிய தோமஸ் வோக்கர் 1912 இலும், வலக்கரமாக விளங்கிய பொன்னம்மாள் புற்றுநோயால் 1915 இலும் மறைந்தனர். இழப்புகள் அவருக்குப் பழக்கமாயின. ஆயினும் அவற்றால் அவர் மனம் கல்லாகிவிடவில்லை.

1931 ஆம் ஆண்டு ஒக்டோபர் 24 ஆம் திகதி அவரது வாழ்க்கை திசை மாறியது. இன்னும் சிறப்பாகப் பணியாற்றத் தம்மைத் தகுதியாக்கும்படியும், அதற்காக எதையும் செய்யும்படியும் அன்று காலை அவர் இறைவனிடம் வேண்டியிருந்தார். மாலையில் களக்காட்டில் மருந்தகத்துக்கென வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கச் சென்றார். கழிப்பிடத்துக்காகப் பிழையான இடத்தில் தோண்டப்பட்டிருந்த குழியில் மங்கிய வெளிச்சத்தில் விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகும் பாதிக்கப்பட்டது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால், அப்போது 63 வயதாயிருந்த அவர், எஞ்சிய ஏறத்தாழ இருபது ஆண்டுகளையும் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே, தீராத வலியுடனும் உறக்கமற்ற இரவுகளுடனும் கழிக்க நேர்ந்தது. ஓயாது நடந்து திரிந்த பெண்மணிக்கு இதைவிடக் கடினமான பாடம் எதுவாக இருக்க முடியும்?

அவர் குணம் வேண்டி மன்றாடாமல் இருக்கவில்லை. வலியை வலியில்லை என்று சொல்லவுமில்லை. நோயாளிகளுக்கெனச் சுகதேகிகள் எழுதிய ஆறுதல் நூல்கள் தமக்கு உதவவில்லை என்பதை அவர் ஒளிக்கவில்லை. எனவே நோயாளி நோயாளிகளுக்கு எழுதும் கடிதங்களாக ஒரு நூலை எழுதினார். முட்செடியிலிருந்து பறித்த ரோஜா என்ற கருத்துப்படும் தலைப்புடன் 1933 இல் அது வெளிவந்தது. படுக்கையிலிருந்தவாறே பத்துக்கும் மேற்பட்ட நூல்களை எழுதினார். மறப்பதிலோ, ஓயாத வேலையிலோ, ஒதுங்கிக்கொள்வதிலோ கிட்டாத அமைதி, ஏற்றுக்கொள்வதில் கிட்டுகிறது என்பதே அவர் கண்ட முடிவு.

இங்கே ஓர் உண்மையை நாம் அழுத்திக் கூற விரும்புகிறோம். தமக்கு வந்த துன்பத்தை இறைவனின் பயிற்சியாக ஏற்ற இதே பெண்மணி, அந்தச் சிறுமிகளுக்கு வரவிருந்த துன்பத்தை அவ்வாறு ஏற்கவில்லை. அது உங்கள் விதி, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குப் போதிக்கவில்லை. கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்தார். அதற்காக வழக்குகளையும் எதிர்ப்பையும் சந்தித்தார். இந்து சமயம் பற்றி அவர் எழுதியவற்றில் கடுமையான, ஒருதலைப்பட்சமான கருத்துகள் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. அவ்வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் அச்சமூகத்துக்குள்ளிருந்தே போராடினர் என்பதும், 1947 இல் சென்னை மாகாணம் அதனைச் சட்டத்தால் தடைசெய்தது என்பதும் வரலாறு. எனினும், தன் துன்பத்தில் பொறுமை, பிறர் துன்பத்தில் பொறுமையின்மை என்ற அவரது நெறி எச்சமயத்தாருக்கும் பொருந்தும்.

கிறிஸ்தவர்கள் யோபு என்றும் முஸ்லிம்கள் ஐயூப் நபி என்றும் போற்றுபவரின் பொறுமையை இரு சமூகத்தாரும் அறிவர். வேதாகமத்தின்படி, யோபுவைக் காண வந்த நண்பர்கள் அவரது பாவமே அவரது துன்பத்துக்குக் காரணம் என வாதிட்டனர். முடிவில் இறைவனின் கோபத்துக்கு உள்ளானவர்கள் அந்த நண்பர்களே. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும் வீட்டை இழந்த குடும்பத்திடமும் இது ஆண்டவனின் சிட்சை என்று சொல்ல முற்படுவோர் இதனைச் சிந்திக்க வேண்டும். சிட்சை என்பது துன்புறுபவர் தமது அறையில் இறைவனோடு தனித்திருந்து கண்டடைய வேண்டிய உண்மை; வெளியிலிருந்து அவர்மீது சுமத்தத்தக்க தீர்ப்பன்று. அநீதி இழைத்தவர்கள் ஒளிந்துகொள்ளும் திரையாகவும் அதனைப் பயன்படுத்தலாகாது. துன்புறுபவருக்கு அருகிலிருப்போரின் கடமை உதவியும் உடனிருப்புமே.

1948 இல் அம்மையார் மீண்டும் விழுந்தார். 1951 ஆம் ஆண்டு ஜனவரி 18 ஆம் திகதி தமது 83 ஆவது வயதில் டோனாவூரிலேயே காலமானார். தமது கல்லறைக்குக் கல் நாட்ட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருந்தார். பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகள் நீராடும் தொட்டி ஒன்றை அமைத்து, தாயைக் குறிக்கும் ஒரே சொல்லை அதில் பொறித்தனர்.

பிழையான இடத்தில் தோண்டப்பட்ட ஒரு குழி, அவரை நடக்கவியலாதவராக்கியது. ஆனால், நடக்கவியலாத எத்தனையோ பேருக்கு அவர் துணையாவதற்கும் அதுவே வழியாகியது. தன் துயரிலிருந்து பிறரின் துயரை அறியக் கற்பதே சிட்சையின் பயன் எனலாம். அவ்வாறு கற்றவர்கள் எமது மண்ணிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் போதிக்க முற்படாமல், அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள நாம் முன்வருவோமாக.