பூண்டியில் பறிபோன பொன்!

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே இருக்கிறது திருமுருகன்பூண்டி. ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் இங்கே ஒரு பெரிய வழிப்பறி நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லுகிறது. பொருளைப் பறிகொடுத்தவர் சுந்தரர். அவருடைய கதை இது.

ஓலை வழக்கு

சுந்தரர் பிறந்த ஊர் திருநாவலூர். தந்தை சடையனார்; தாய் இசைஞானியார். பெற்றோர் இட்ட பெயர் நம்பி ஆரூரர். சிற்றரசர் நரசிங்கமுனையரையர் அவரை வளர்த்தார்.

புத்தூரில் நம்பிக்குக் கலியாணம். மணப்பந்தலுக்கு ஒரு கிழவர் வந்தார். நம்பி தமக்கு அடிமை என்றார், ஓலையும் காட்டினார். நம்பி அதைப் பிடுங்கிக் கிழித்து எறிந்தார். அது நகல்தான், மூல ஓலை பத்திரமாக இருக்கிறது என்றார் கிழவர்!

வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போயிற்று. நம்பியின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வரவழைத்து, கையெழுத்தை ஒப்பிட்டார்கள் சபையார். இரண்டும் ஒன்றே! நம்பி தோற்றார். வந்தவர் சிவபெருமான் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆற்றில் போட்டார், குளத்தில் எடுத்தார்

சுந்தரர் திருவாரூரில் பரவையாரை மணந்தார். பிறகு விருத்தாசலத்தில் அவருக்கு 12,000 பொன் கிடைத்தது. இறைவன் ஆணைப்படி அதை மணிமுத்தாற்றில் போட்டார். போடும் முன் ஒரு துண்டை மச்சமாக வெட்டி எடுத்துக்கொண்டார். திருவாரூர்க் குளத்தில் பொன் வந்து சேர்ந்தது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைவு! பாடி வேண்டினார், மாற்றுச் சரியாயிற்று.

வேடர்கள்

பின்னர் நண்பர் சேரமான் பெருமாள் அளித்த பொன்னோடும் ஆடைகளோடும் சுந்தரர் ஊர் திரும்பினார். ஆட்கள் சுமையைத் தூக்கி வந்தார்கள். பூண்டி அருகே வேடர்கள் பாய்ந்து அத்தனையும் பறித்தார்கள். சுந்தரர் கோயிலில் நின்று முறையிட்டுப் பாடினார். பொருள் திரும்பி வந்தது. வேடராக வந்தவை சிவபூதங்களாம்!

பதினெட்டு வயதில் சுந்தரர் வெள்ளை யானை மீது கயிலை சேர்ந்தார் என்பது மரபு.

இன்றைய வழிப்பறி

திருப்பூர்ப் பனியன் கம்பெனிகளின் ஆர்டரும் பணக் கணக்கும் இன்று கம்ப்யூட்டர் வழியே பயணம் செய்கின்றன. வழியில் ஒளிந்திருந்து படிக்கும் திருடர் உண்டு. 1995-ல் பின்லாந்தின் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பாஸ்வேர்டுகள் திருடுபோயின. அங்கே இருந்த டாட்டு யுலோனென், எஸ்.எஸ்.எச். என்னும் காவல் முறையை உண்டாக்கினார்.

இது ஒரு சுரங்கவழி. செய்தி ரகசியக் குறியாக மாறிப் போகிறது. மறுமுனையில்தான் பழைய எழுத்தாகிறது. நடுவில் பிடித்தவனுக்கு ஒன்றும் விளங்காது. ஓர் எழுத்து மாறினாலும், மச்சம் காட்டிக் கொடுத்தது போல, தெரிந்துவிடும்.

முதல்முறை இணையும்போது எதிர்க் கம்ப்யூட்டரின் அடையாளக் குறி திரையில் வரும். பலர் பார்க்காமலே சரி என்று தட்டிவிடுகிறார்கள். ஆபத்து அங்கேதான்! எதிரே இருப்பது திருடனுடைய கம்ப்யூட்டராகவும் இருக்கலாம். உரியவரிடம் போனில் கேட்டு ஒப்பிட வேண்டும். திருவெண்ணெய்நல்லூர் சபையார் செய்ததும் அதுதானே?

சுந்தரருக்குப் பொன் திரும்பி வந்தது. எல்லோருக்கும் அப்படி வருவதில்லை.