நாவலர் பெருமானும் ஏழைகளின் பசியும்

ஐந்தாங்குரவர் எனச் சைவ உலகம் போற்றும் நல்லைநகர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமானை அறியாத சைவ மக்கள் இல்லை. அவர் எழுதிய பாலபாடங்களையும் சைவ வினாவிடையையும் படித்தே எமது முன்னோர் பலர் எழுத்தறிவும் சமய அறிவும் பெற்றனர். ஆயினும், பசித்தவர்க்குக் கஞ்சி வார்த்ததும் பசித்தவரைக் கவனியாத அதிகாரிகளைக் கண்டித்ததுமாகிய அவரது தொண்டு அதிகம் பேசப்படுவதில்லை.

நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழி 18ஆம் திகதி நல்லூரிலே கந்தர், சிவகாமி தம்பதியினருக்குக் கடைசிப் புதல்வராக அவதரித்தார். யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவல் பாதிரியார் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைபுரிந்தார். 1847ஆம் ஆண்டின் கடைசி நாளன்று வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய அவர், மிஷன் பாடசாலை உத்தியோகத்தையும் துறந்தார். 1849இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை வழங்கியது. அவர் இல்லறத்தில் புகவில்லை.

அக்காலத்தில் அரசாங்க நன்கொடைப் பணம் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளுக்கே சென்றது. சைவப் பிள்ளைகளின் கல்விக்கு அரசாங்கம் உதவும்வரை காத்திருந்தால் ஒரு தலைமுறையே போய்விடும் என்பதை உணர்ந்த நாவலர், தனவந்தர்களிடமும் சாதாரண குடும்பத்தவர்களிடமும் பொருள் திரட்டிப் பாடசாலையை நடத்தினார். 1864இல் சிதம்பரத்திலும் அவ்வாறே ஒரு வித்தியாசாலையை நிறுவினார். அரசாங்கம் முன்வராத இடத்தில் ஊரவரின் தருமம் எவ்வளவு செய்யமுடியும் என்பதற்கு இவை சான்றாகும்.

1876ஆம் ஆண்டு தொடங்கித் தென்னிந்தியாவிலே கொடிய பஞ்சம் பரவியது. யாழ்ப்பாணமும் தப்பவில்லை. மழையை நம்பிய வயல்கள் பொய்த்தன. போதாத அரிசிக்கு இந்தியாவையே எதிர்பார்த்திருந்த குடாநாட்டில் அரிசி விலை ஏறியது. வாந்திபேதியும் சேர்ந்து மக்களை வாட்டியது. இந்நிலையில் நாவலர் வண்ணார்பண்ணையிலே கஞ்சித்தொட்டித் தருமத்தைத் தொடங்கினார். பொருள் உள்ளவர்களை வேண்டிப் பணமும் அரிசியும் பெற்று, ஏழைகளுக்குக் கஞ்சி வார்ப்பித்தார். அன்று பசித்தவனுக்கு அன்றே உணவு வேண்டும்; மனுவுக்குக் கொழும்பிலிருந்து மறுமொழி வரும்வரை அவன் வயிறு பொறுக்காது.

ஆனால் நாவலர் அத்துடன் நின்றுவிடவில்லை. தருமவான்களின் கொடை எவ்வளவு பெரிதாயினும் அதற்கு ஓர் எல்லை உண்டு. பஞ்சம் நீளும்போது கொடுப்பவன் களஞ்சியமும் குறையும். அரசாங்கத்தின் நிலையோ வேறு. வயலில் விளைந்த நெல்லுக்கு அது வரி வாங்கியது. கப்பலில் வந்த அரிசிக்கும் தீர்வை வாங்கியது. அதாவது, ஏழை தான் உண்ட சோற்றின் மூலமும் திறைசேரிக்குப் பணம் செலுத்தினான். அப்பணத்திலிருந்து பஞ்ச காலத்தில் அவனுக்குக் கொடுப்பது பிச்சையாகாது; திருப்பிக் கொடுக்கவேண்டிய கடனேயாகும்.

வட மாகாணத்தின் அரசாங்க அதிபராக அப்போது துவைனந்துரை இருந்தார். அவரது நிர்வாகம் மக்கள் துன்பத்தைத் தக்கபடி கவனிக்கவில்லை என நாவலர் வெளிப்படையாகவே கண்டித்துத் துண்டுப்பிரசுரங்கள் எழுதினார். அரசாங்க அதிபர் சொல்லுக்கு மாறுசொல்ல உடையார், விதானைமார் முதல் யாவரும் அஞ்சிய காலம் அது. அரசாங்கத்திடம் உத்தியோகமோ சலுகையோ நாடாதவராகையால் நாவலருக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. கஞ்சி வார்த்தவர் என்பதால் அவர் சொல்லுக்கு மக்களிடம் மதிப்பும் இருந்தது.

1879இல் சட்டநிரூபண சபையின் தமிழ்ப் பிரதிநிதியாகிய சேர் முத்துக்குமாரசுவாமி காலமானபோது, பொன்னம்பலம் இராமநாதனையே நியமிக்கவேண்டும் என நாவலர் கூட்டங்கூட்டி முயன்றார். இராமநாதனே நியமனம் பெற்றார். மக்கள் குறையைச் சட்டம் இயற்றும் இடத்திலே பேச ஒருவர் வேண்டும் என்பதை நாவலர் நன்கு அறிந்திருந்தார். அவ்வாண்டு மார்கழி 5ஆம் திகதி அவர் சிவபதமடைந்தார்.

சாதியாசாரம் பற்றி நாவலர் கொண்டிருந்த கருத்துக்களை இன்று பலரும் ஏற்பதில்லை. அது மறைக்கவேண்டியதுமன்று. ஆயினும் வறியவர் விடயத்தில் அவர் காட்டிய வழி பின்வந்த காலத்தால் மெய்ப்பிக்கப்பட்டது. நெல்வரி 1892இல் நீக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே பங்கீட்டு அரிசி வந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. 1995இல் சமுர்த்தியும் 2023இல் அஸ்வெசுமவும் வந்தன. எந்த ஒரு தருமவானும் நாடு முழுவதுக்கும் இவற்றைச் செய்திருக்க முடியாது. எனினும், பெயர்ப்பட்டியலில் விடுபட்ட விதவையையும், படிவம் நிரப்பத் தெரியாத முதியவரையும் முதலில் அறிபவர் அயல்வீட்டாரே. கந்தோருக்கு அவர்களின் முகம் தெரியாது, ஊருக்குத் தெரியும்.

ஆதலால் ஆலயத்தில் அன்னதானம் கொடுப்பதோடு எமது கடமை தீர்ந்துவிட்டது என எண்ணலாகாது. அரசாங்கம் கொடுக்கிறதே என்று அடுப்பை அணைத்துவிடவும் கூடாது. இலையில் சோறு இடுவதோடு, அந்த ஏழைக்கு உரிய உதவி கிடைக்க மனு எழுதிக்கொடுத்து, கந்தோர்வரை கூடச்செல்வதும் சிவதொண்டே. கார்த்திகை மகத்திலே நாவலர் குருபூசை செய்யும் அடியார்கள் இவ்விரண்டையும் மேற்கொள்வார்களாயின், அதுவே அப்பெருமானுக்குச் செய்யும் உண்மையான வழிபாடாகும்.