நெஞ்சொலி கேட்ட மருத்துவ மேதை இரெனே லென்னெக்



காய்ச்சல், இருமல் என்று நாம் மருத்துவரிடம் சென்றால் அவர் முதலில் செய்வது யாது? கழுத்தில் தொங்கும் கருவியின் இரு முனைகளைத் தம் காதுகளில் பொருத்தி, மறுமுனையை நம் மார்பில் வைத்து உற்றுக் கேட்கிறார். ஸ்டெதாஸ்கோப் எனப்படும் அக்கருவியை உலகிற்கு அளித்தவர் இரெனே லென்னெக் என்னும் பிரெஞ்சு மருத்துவர் ஆவார். இன்று கணினியும் இதயத்தின் ஒலியைக் கேட்டு மருத்துவர்க்கு உதவுகின்றது. அக்கணினி கற்கும் முறையும் லென்னெக் கற்ற முறையும் ஒன்றே. அதனை அவருடைய வாழ்க்கை வரலாற்றால் அறிந்துகொள்வோமாக.

பிறப்பும் இளமையும்

லென்னெக் 1781-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 17-ஆம் நாள், பிரான்சு நாட்டின் பிரிட்டனி மாநிலத்தில் கெம்பேர் என்னும் ஊரில் பிறந்தார். ஐந்து வயதிலேயே அன்னையை இழந்தார். தந்தையார் வழக்கறிஞர். எனினும் பிள்ளைகளைப் பேணி வளர்க்கும் பொறுப்பை அவர் ஏற்றாரில்லை. ஆகவே சிறுவன் லென்னெக் நான்ட் நகரில் மருத்துவராக விளங்கிய தம் சிற்றப்பாவின் இல்லத்தில் வளரலானார்.

1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. நாடெங்கும் போரும் குழப்பமும் சூழ்ந்தன. நான்ட் நகர மருத்துவமனையில் நோயுற்றோரும் காயமுற்றோரும் நிறைந்தனர். பதினான்கு வயதே நிரம்பிய லென்னெக் அங்குச் சென்று நோயாளிகளுக்குத் தொண்டு புரியத் தொடங்கினார். அவர் உடல் மெலிந்தவர், அடிக்கடி நோய்வாய்ப்படுபவர். ஆயினும் உள்ள உறுதியில் சற்றும் தளர்ந்தவர் அல்லர். ஓய்வு நேரத்தில் புல்லாங்குழல் வாசிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

1801-இல் பாரிசு மாநகர் சென்று, புகழ்பெற்ற மருத்துவர் கொர்விசாரிடம் பயின்றார். ஈராண்டுகளில், 1803-இல், மருத்துவத்திலும் அறுவை மருத்துவத்திலும் முதற்பரிசு பெற்றார்.

தட்டிப் பார்த்த மருத்துவர்

நம் தாய்மார்கள் தேங்காய் வாங்கும்போது அதனைத் தட்டிப் பார்ப்பர். ஒலியைக் கொண்டே உள்ளே இருப்பதை அறிவர். ஆஸ்திரிய நாட்டில் விடுதிக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவுன்பிருகர் என்னும் மருத்துவர், இதுபோன்றே நோயாளியின் மார்பை விரலால் தட்டி, உள்ளே நீர் கோத்துள்ளதா என அறியும் முறையை 1761-இல் நூலாக வெளியிட்டார். அந்நாளில் அதனைப் போற்றியோர் சிலரே. பல்லாண்டுகளுக்குப் பின்னர், 1808-இல், அந்நூலைப் பிரெஞ்சு மொழியில் பெயர்த்துப் பரப்பியவர் லென்னெக்கின் ஆசிரியரான கொர்விசாரே ஆவார்.

காகிதச் சுருள்

1816-இல் லென்னெக் பாரிசிலுள்ள நெக்கர் மருத்துவமனையில் பொறுப்பேற்றார். அவ்வாண்டில் இதய நோயின் அறிகுறிகளுடன் இளம்பெண் ஒருத்தி அவரிடம் வந்தாள். அவள் உடல் பருத்திருந்தமையால் தட்டிப் பார்த்தும் பயனில்லை. மார்பில் நேரே காதை வைத்துக் கேட்கலாம் என்றாலோ, இளம்பெண்ணிடம் அவ்வாறு செய்வது முறையாகாது என அவர் கருதினார்.

அப்போது அவர் நினைவுக்கு ஓர் உண்மை வந்தது. நீண்ட மரத்துண்டின் ஒரு முனையில் குண்டூசியால் கீறினால், மறுமுனையில் காதை வைத்திருப்பவர்க்கு அவ்வொலி தெளிவாகக் கேட்கும். உடனே காகிதக் கட்டு ஒன்றை இறுகச் சுருட்டினார். ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்பதைக் காட்டிலும் தெளிவாக இதயத்தின் ஒலி கேட்டது!

பின்னர் ஏறத்தாழ ஓர் அடி நீளமுள்ள மரக்குழலைத் தாமே கடைந்து செய்துகொண்டார். மார்பை ஆராய்வது என்னும் பொருள்பட, கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்கு ஸ்டெதாஸ்கோப் எனப் பெயரிட்டார். இரு காதுகளிலும் பொருத்தும் வடிவத்தை நியூயார்க்கு மருத்துவர் கேமன் 1852-இல் உருவாக்கினார். காலப்போக்கில் வளையும் இரப்பர்க் குழாய்களும் அதில் இடம்பெற்றன. நம் பாட்டனும் பாட்டியும் விடியற்காலையில் சீவிய மரத்தின் பால், எங்கோ ஒரு மருத்துவரின் கழுத்தில் குழாயாகத் தொங்கியிருக்கவும் கூடும்.

ஒலியும் உண்மையும்

கருவி கிடைத்துவிட்டால் மட்டும் போதுமா? கேட்கும் ஒலியின் பொருள் தெரிய வேண்டுமன்றோ? லென்னெக் ஒவ்வொரு நோயாளியின் நெஞ்சொலியையும் கேட்டுக் குறித்து வைத்தார். அந்நோயாளி இறந்துபட்டால், உடலைத் திறந்து நுரையீரலிலும் இதயத்திலும் ஏற்பட்டுள்ள கேட்டினை நேரில் கண்டார். முன்னர்க் கேட்ட ஒலியையும் பின்னர்க் கண்ட உண்மையையும் ஒப்பிட்டார். இவ்வாறு மூன்றாண்டுகள் உழைத்து, 1819-இல் தம் ஆய்வை இரு தொகுதிகள் கொண்ட பெருநூலாக வெளியிட்டார்.

நம் இதயத்தில் நான்கு அடைப்பிதழ்கள், அதாவது வால்வுகள், உள்ளன. அவை கதவுபோல் திறந்து மூடுகின்றன. அவை மூடும்போது எழும் ஒலியே லப்-டப் என்பதாகும். நீர்க்குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் சீறுகின்றதல்லவா? அதுபோல், ஓர் இதழ் சரியாகத் திறவாவிடினும் மூடாவிடினும் இரத்தம் சீறிப் பாய்ந்து வேறோர் ஒலியை எழுப்பும். அதனை இதய முணுமுணுப்பு என்பர். லென்னெக் அவ்வொலிகளைக் கொல்லன் துருத்தியின் ஒலிக்கும் அரம், வாள் ஆகியவற்றின் ஒலிக்கும் ஒப்பிட்டார்.

ஆயினும் பேரறிஞர்க்கும் பிழை நேர்வதுண்டு. இதயத்தின் இரண்டாம் ஒலி எதனால் எழுகின்றது என்பதில் லென்னெக் தவறான முடிவிற்கே வந்தார். முணுமுணுப்பின் காரணத்தையும் அவர் முழுமையாக அறிந்தாரில்லை. அவர்க்குப் பின்வந்த மருத்துவர்கள் அவற்றைத் திருத்தினர்.

மறைவு

ஓயாத உழைப்பால் லென்னெக்கின் உடல்நலம் குன்றியது. ஊர் சென்று சிலகாலம் ஓய்வெடுத்தபின் மீண்டும் பாரிசு வந்து பேராசிரியராகப் பணியாற்றினார். பல நாட்டு மாணவர்கள் அவரை நாடி வந்தனர். ஆனால் எந்தக் காசநோயைத் தம் குழலால் ஆராய்ந்தாரோ, அந்நோயே அவரைப் பற்றிக்கொண்டது. மருத்துவரான அவருடைய உறவினர் மெரியாதெக் அதே கருவியால் அவர் மார்பைச் சோதித்தார். 1826 ஆகஸ்டு 13-ஆம் நாள், பிரிட்டனியில், தம் நாற்பத்தைந்தாம் வயதில் லென்னெக் மறைந்தார். தம் ஸ்டெதாஸ்கோப்பை மெரியாதெக்குக்கே உரிமையாக்கிச் சென்றார்.

கணினியும் கற்கின்றது

இதய முணுமுணுப்பு மிக மெல்லியது. பரபரப்பான மருந்தகத்தில் பழகிய செவிக்கும் அது தப்பிவிடலாம். ஆகவே, நெஞ்சொலியைப் பதிவு செய்து ஆராயும் மென்பொருளை அறிஞர்கள் உருவாக்கியுள்ளனர். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அத்தகைய மென்பொருள் ஒன்றுக்கு 2020-இல் அனுமதி வழங்கியது. பிரேசில் நாட்டில் 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் நடந்த சோதனை முகாம்களில், பெரும்பாலும் சிறுவர்களான 1,568 பேரிடமிருந்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிப்பதிவுகள் திரட்டப்பட்டன. எந்தப் பதிவில் முணுமுணுப்பு உள்ளது என்பது வல்லுநரால் கேட்டுக் குறிக்கப்பட்டது. அவை கணினிக்குப் பாடமாயின. ஒலியையும், அறிந்தோர் சொன்ன உண்மையையும் பலமுறை ஒப்பிட்டே கணினி கற்கின்றது. இது லென்னெக் காட்டிய வழியன்றோ? அவர்க்குப் பிழை நேர்ந்தது போலவே கணினிக்கும் நேரும். எனவே அது ஐயத்தை எழுப்புமேயன்றி முடிவு கூறாது. முடிவு கூற வேண்டியவர் மருத்துவரே. எக்கோ எனப்படும் ஒலியலைப் படம் அதனை உறுதி செய்யும்.

பெற்றோர் அறிய வேண்டியது

பெற்றோர்களே! பிள்ளைகளின் நெஞ்சில் கேட்கும் முணுமுணுப்புகளில் பல தீங்கற்றவை. ஆகவே, மருத்துவர் அவ்வாறு சொன்னால் அஞ்சி நடுங்க வேண்டா. அதற்காக, வேலை நாள் கெடுமே என்று மறுசோதனையைத் தள்ளிப் போடவும் வேண்டா. சிலவகைத் தொண்டைப் புண்ணைக் கவனியாது விட்டால், அது மூட்டு வீக்கத்துடன் கூடிய வாதக் காய்ச்சலாக மாறி இதய இதழ்களைக் கெடுக்கக்கூடும். ஐந்து முதல் பதினைந்து வயது வரையுள்ள பிள்ளைகளையே அது பெரிதும் தாக்கும். தொண்டை வலியும் காய்ச்சலும் கண்டால் மருந்தகம் சென்று காட்டுங்கள். மருத்துவர் மருந்து கொடுத்தால், வலி நின்றதும் நிறுத்திவிடாமல் சொன்ன நாள் வரை கொடுங்கள். விளையாடும் பிள்ளை எளிதில் மூச்சு வாங்கினால், சோம்பேறி என்று ஏசுமுன் அதன் நெஞ்சை மருத்துவர் கேட்கட்டும்.

மாணவர்களே! வள்ளுவப் பெருந்தகை கேள்வி என ஓர் அதிகாரமே வகுத்துக் கேட்டலின் சிறப்பை உணர்த்தினார். லென்னெக் கேட்டார், கேட்டதை எழுதினார், எழுதியதைச் சோதித்தார். வகுப்பறையில் நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். நாளை நம் தோட்டத்துப் பிள்ளை ஒருவர் மருத்துவராகவோ மென்பொருள் வல்லுநராகவோ உயர்ந்து பிறர் நெஞ்சொலி கேட்பாராயின், அதைவிடப் பெருமை இப்பள்ளிக்கு வேறில்லை.