வரலாற்றுக்கு உயிரூட்டிய கல்கி

தமிழ்நாட்டின் வட எல்லையில், ஆந்திர நாட்டை அடுத்து விளங்குவது திருத்தணி. முருகப் பெருமானின் படைவீடுகளுள் ஒன்றாகிய இவ்வூர் மலைக்கு ஆண்டுதோறும் அடியார்கள் காவடி தாங்கிப் படியேறி வருகின்றனர். அம்மலையின் புகழை அறியாதார் இலர். ஆயினும், அதே ஊரில் நந்தியாற்றின் கரையில் நிற்கும் வீரட்டானேசுவரர் கோயிலை அறிந்தார் சிலரே. யானையின் பின்புறம்போல் வளைந்த விமானத்தை உடைய அக்கற்றளி, ஒன்பதாம் நூற்றாண்டில் அபராசிதவர்மன் என்னும் பல்லவ மன்னன் காலத்தில் எழுந்தது. அம்மன்னனே இயற்றியதாகக் கூறும் தமிழ்ப் பாடல் ஒன்றும் அங்குக் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. அவனை வென்றே சோழர் தொண்டை நாட்டைக் கைக்கொண்டனர்.

திருத்தணியிலிருந்து சில கல் தொலைவில் உள்ளது, காரைக்கால் அம்மையார் இறைவன் திருவடி அடைந்த திருவாலங்காடு. 1905-ஆம் ஆண்டில் அவ்வூரில் 31 ஏடுகள் கொண்ட செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. முதலாம் இராசேந்திர சோழன், பழையனூர் என்னும் ஊரை அங்குள்ள சிவன் கோயிலுக்கு அளித்த செய்தியைத் தெரிவிப்பது அது. கொடையைச் சொல்லப் புகுமுன் சோழர் குலத்தின் வரலாற்றையும் அது முறையாகச் சொல்கிறது. அபராசிதனை ஆதித்த சோழன் வென்றான் என்கிறது. சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் இளமையிலேயே மறைந்தான் என்கிறது. அதன்பின் நாட்டு மக்கள் அருள்மொழிவர்மனை அரசேற்குமாறு வேண்டினர் என்றும், தன் சிறிய தந்தைக்கு அரசில் விருப்பம் உள்ளவரையில் தான் அதனை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அவன் மறுத்துவிட்டான் என்றும் கூறுகிறது. அவ்வருள்மொழிவர்மனே பிற்காலத்தில் தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்த இராசராச சோழன்.

செப்பேட்டில் இச்செய்தி சில அடிகளில் முடிந்துவிடுகிறது. கைக்கு எட்டிய முடியை ஓர் இளைஞன் ஏன் மறுத்தான்? மறுத்த அன்று அவன் உள்ளம் என்ன நினைத்தது? அவனைச் சூழ்ந்திருந்தோர் அழுதனரா, மகிழ்ந்தனரா? இவ்வினாக்களுக்குச் செப்பேடு விடை கூறாது. அது வாய் மூடிய இடத்தில்தான் வரலாற்றுக் கதை வாய் திறக்கிறது. அச்சில அடிகளின் பொருளை ஐந்து பாகங்கள் கொண்ட பெருங்கதையாக விரித்து, தமிழ் படிக்கத் தெரிந்தவர் அனைவருடைய உள்ளத்திலும் பதியுமாறு செய்தவர் ஒருவர் உண்டு. அவரே கல்கி என்னும் புனைபெயரால் புகழ்பெற்ற இரா. கிருஷ்ணமூர்த்தி.

கல்கி 1899-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9-ஆம் நாள், மாயூரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் இராமசாமி ஐயர், தாயார் தையல்நாயகி. காவிரி பாயும் நாட்டில் வளர்ந்த அவருக்கு ஆறும் வயலும் கோயிலும் இளமையிலேயே நெருங்கிய உறவாயின. மாயூரத்திலும் பின்னர்த் திருச்சிராப்பள்ளியிலும் அவர் கல்வி பயின்றார். பள்ளி இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்தபோது, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. தேர்வு எழுதினால் அரசாங்க உத்தியோகம் கிடைக்கும், வாழ்வு நிலைபெறும். கல்கியோ, 1921-ஆம் ஆண்டில் பள்ளியைத் துறந்து இயக்கத்திற் சேர்ந்தார். மறு ஆண்டிலேயே ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். பின்னரும் நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்தார்.

சிறையிலிருந்து வெளிவந்த அவர், 1923-இல் திரு. வி. கலியாணசுந்தரனார் நடத்திய நவசக்தி இதழில் துணையாசிரியராக அமர்ந்தார். தெளிவும் இனிமையும் பொருந்திய உரைநடை அங்கே அவருக்குக் கைவந்தது. பின்னர்த் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் இராசாசியுடன் இருந்து, மதுவிலக்கைப் பரப்பும் விமோசனம் என்னும் இதழுக்கு உழைத்தார். அதன்பின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்று, நகைச்சுவைக் கட்டுரைகளும் இசை விமரிசனங்களும் தொடர்கதைகளும் எழுதிப் புகழ் அடைந்தார். 1941-இல் அவ்விதழை விட்டு நீங்கி, நண்பர் சதாசிவத்துடன் சேர்ந்து கல்கி என்னும் வார இதழைத் தொடங்கினார்.

புதிய இதழ் வாசகரின் ஆதரவைப் பெற்றே வாழவேண்டும். அத்தகைய வேளையில் அவர் எடுத்துக்கொண்ட பொருள், அன்றைய தமிழ் இதழ்களில் அதிகம் வழங்காத வரலாற்றுக் கதை. உலக இலக்கியத்தில் இவ்வகை முன்பே வேரூன்றியிருந்தது. ஸ்காட்லாந்து நாட்டு வால்டர் ஸ்காட் 1814-இல் வெளியிட்ட வேவர்லி என்னும் நாவல், ஐரோப்பா முழுவதற்கும் வழி காட்டியது. பிரெஞ்சு நாட்டில் அலெக்சாந்தர் டூமாவும், வங்க நாட்டில் பங்கிம் சந்திரரும் அவ்வழியிற் சென்று பெரும்புகழ் எய்தினர். தமிழிலும் திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளை 1895-இலேயே மோகனாங்கி என்னும் வரலாற்று நாவலை இயற்றியிருந்தார். எனினும், வீடுதோறும் அதனைக் கொண்டு சேர்த்த பெருமை கல்கிக்கே உரியது.

அவருடைய முதல் வரலாற்றுக் கதை பார்த்திபன் கனவு. பல்லவர்க்குக் கப்பம் கட்ட மறுத்துப் போர்க்களத்தில் உயிர் துறந்த பார்த்திபன் என்னும் சோழ மன்னன், தன் நாடு ஒருநாள் உரிமையுடன் தலைநிமிரும் என்று கண்ட கனவே அக்கதையின் கரு. அந்நியர் ஆட்சியின்கீழ் இருந்த மக்கள் 1941, 1942-ஆம் ஆண்டுகளில் அதனைப் படித்தனர். நேரே எழுத இயலாத விடுதலை வேட்கையை ஏழாம் நூற்றாண்டின் போர்வையில் அக்கதை அவர்களுக்கு ஊட்டியது. பள்ளியில் ஆங்கில மன்னர்களின் வரிசையை மனப்பாடம் செய்த இளைஞர்கள், தம் ஊரிலும் மன்னர் இருந்தனர், கலை இருந்தது, கடல் கடந்த வாணிகம் இருந்தது என்பதனை உணர்ந்தனர்.

அடுத்து வந்தது சிவகாமியின் சபதம். நிலவு பொழிந்த ஓர் இரவில், இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாருடன் மாமல்லபுரத்துக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது, அக்கதையின் வித்து அவர் உள்ளத்தில் விழுந்தது. அது முளைத்து மரமாக ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. மாமல்லன் நரசிம்மவர்மன் 642-ஆம் ஆண்டில் வாதாபி நகரை வென்றான் என்பது வரலாறு. அவ்வெற்றிக்குப் பின்னால் ஒரு சிற்பியின் மகளும் அவள் கூறிய சபதமும் இருந்தன என்பது கல்கியின் கற்பனை. வாதாபி எரிகிறது, சபதம் நிறைவேறுகிறது. ஆயினும், அதற்குள் அவள் வாழ்வு அவள் கையை விட்டுப் போய்விடுகிறது. போரின் வெற்றியைப் பாடிய ஆசிரியர் அதன் விலையையும் காட்டினார். வெற்றிச் செய்தியை மட்டும் கூறும் கல்வெட்டில் காணக் கிடைக்காத உண்மை இது.

கல்கி எழுதிய வரலாற்றுக் கதைகளுள் தலைசிறந்தது பொன்னியின் செல்வன். 1950-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் தொடங்கிய அது மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வெளிவந்தது. வீடுகளில் ஒருவர் உரக்கப் படிக்க, எழுத்தறியாத முதியோரும் சூழ்ந்திருந்து கேட்டனர். இதழ்களிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துத் தைத்துக் காப்பாற்றியோர் பலர். அடுத்த வாரம் என்ன நேருமோ என்னும் ஆவல் ஒருபுறம். தம் ஊரின் பெயரும் தம் ஊர் ஏரியின் பெயரும் கதையில் வருகின்றனவே என்னும் மகிழ்ச்சி மற்றொருபுறம். இவ்விரண்டும் சேர்ந்த இன்பமே வரலாற்றுக் கதையின் இன்பமாகும்.

இக்கதைக்காக அவர் மேற்கொண்ட உழைப்பு சிறிதன்று. நீலகண்ட சாஸ்திரியார், சதாசிவ பண்டாரத்தார் ஆகியோரின் ஆராய்ச்சி நூல்களை அவர் ஆழ்ந்து பயின்றார். ஓவியர் மணியத்துடன் இலங்கைக்குச் சென்று, கதை நிகழும் இடங்களைக் கண்ணாரக் கண்டார். கதையின் நாயகனாகிய வந்தியத்தேவன் வெறுங்கற்பனை அல்லன். குந்தவையின் கணவனாக அவன் பெயர் தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டில் உள்ளது. ஆதித்த கரிகாலனின் கொலையைப் பற்றிய குறிப்பு, காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டில் உள்ளது. அக்கொலையில் தொடர்புடையோர் என்று இரவிதாசன் முதலிய உடன்பிறந்தாரின் பெயர்களை அது தருகிறது. கொலை எவ்வாறு நடந்தது என்பதை அது கூறவில்லை. கல்கியும் அதனை முடிந்த முடிபாகக் கூறாமல், படிப்போர் எண்ணத்துக்கே விட்டார்.

கற்பனையை அவர் எங்கே கலந்தார் என்பதும் அறியத்தக்கது. நந்தினி என்னும் பாத்திரம் அவர் படைப்பு. அருள்மொழிவர்மன் தனக்குச் சூட்டவிருந்த முடியை வேறொருவர் தலையில் வைக்கும் காட்சியும் அவர் படைப்பே. ஆனால், அக்காட்சியின் அடிநிலமாகிய தியாகம், திருவாலங்காட்டுச் செப்பேடு தந்தது. அவ்வண்மையைப் போற்றியே இறுதிப் பாகத்திற்குத் தியாகச் சிகரம் என்று அவர் பெயரிட்டார். வீரத்தாலும் வெற்றியாலும் பெரியவனான ஒரு மன்னனை, அவன் விட்டுக்கொடுத்த ஒன்றினால் மிகப் பெரியவனாகக் காட்டினார். உத்தியோகத்தையும் சுகத்தையும் இளமையில் விட்டுக்கொடுத்த ஒருவர்க்கு அத்தியாகத்தின் சுவை நன்கு விளங்கியிருத்தல் இயல்பே.

வரலாற்றுக் கதையைப் படிப்போர் கற்பனையையே வரலாறு என்று மயங்கிவிடுவர் எனக் குறை கூறுவாரும் உளர். அக்குறையில் உண்மை இல்லாமல் இல்லை. நந்தினி மெய்யாகவே வாழ்ந்தவள் என்று நம்புவோர் இன்றும் உண்டு. ஆனால், கல்கி தம் ஆதாரங்களை மறைத்தவர் அல்லர். கதையின் இடையிலேயே செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் பெயர் கூறிச் சுட்டினார். அவற்றைத் தேடிச் செல்லுமாறு படிப்போரைத் தூண்டினார். கதையோடு நின்றுவிடுவது படிப்போரின் குறையே. கதையைப் பற்றுக்கோடாகக் கொண்டு கல்லையும் செம்பையும் நாடிச் செல்வோர் மெய்யை அடைவர்.

பொன்னியின் செல்வன் 1954-இல் நிறைவுற்றது. நெடுநாள் உழைப்பினாலும் நோயினாலும் கல்கியின் உடல் தளர்ந்திருந்தது. ஆயினும், எழுதுகோலை அவர் கீழே வைக்கவில்லை. அமரதாரா என்னும் கதையை எழுதிவருகையில், அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், தம் ஐம்பத்தைந்தாம் வயதில் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதியை அவர் மகளார் ஆனந்தி எழுதி முடித்தார். அலை ஓசை என்னும் அவருடைய சமூக நாவலுக்கு 1956-இல் சாகித்திய அக்காதெமி பரிசு கிடைத்தது. அவர் வகுத்த வழியில் அகிலன், சாண்டில்யன், விக்கிரமன் முதலியோர் பல வரலாற்றுக் கதைகளைப் படைத்தனர். 1999-இல் தமிழக அரசு கல்கியின் நூல்களை நாட்டுடைமை ஆக்கியது.

அவர் மறைந்தபின்னும் மண் தன் செல்வத்தைத் தந்துகொண்டே இருக்கிறது. ஆந்திர மாநிலத்தைச் சார்ந்திருந்த திருத்தணி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைந்தது. 1977-இல் அதனை அடுத்த வேலஞ்சேரி என்னும் ஊரில் இரண்டு செப்பேட்டுத் தொகுதிகள் கிடைத்தன. ஒன்று அபராசித பல்லவன் அளித்தது. மற்றொன்று முதலாம் பராந்தக சோழன் அளித்தது. தோற்ற குலத்தின் ஏடும் வென்ற குலத்தின் ஏடும் ஒரே மண்ணில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உறங்கிக் கிடந்தன. இவற்றைக் காணும் பேறு கல்கிக்கு வாய்க்கவில்லை. இவ்வேடுகள் வாய் மூடிய இடங்கள் இன்னும் பல. அவற்றைக் கற்று உண்மையைப் போற்றிக் கற்பனையால் அவற்றுக்கு உயிரூட்டும் பணி, இனிவரும் தலைமுறைக்கு உரியது. திருத்தணி மலையேறும் இளைஞர்கள், இறங்கி வரும்போது நந்தியாற்றங்கரைக் கோயிலையும் சென்று காண்பாராயின், கல்கியின் எழுத்துக்கு உரிய நன்றியைச் செலுத்தியவர் ஆவர்.