தபால் குமாஸ்தாவின் மனைவி டாக்டர் ஆனார்

தமிழ்நாட்டில் இருந்து மும்பைக்கு ரெயிலில் வருகிறவர்களுக்குக் கல்யாண் தெரிந்த ஊர். அந்த ஊர்க் குடும்பத்துப் பெண் ஒருவர், 1886-ம் ஆண்டிலேயே அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றார். அவருடைய கணவர் ஒரு தபால் குமாஸ்தா!

அந்தப் பெண்தான் ஆனந்திபாய் ஜோஷி.

1865-ம் ஆண்டு மார்ச் 31-ந்தேதி பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் யமுனா. 9 வயதில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை கோபால்ராவ் மனைவியை இழந்தவர். பெண்ணை விட சுமார் 20 வயது மூத்தவர். ஆனந்தி என்ற பெயரைச் சூட்டியவர் அவரே.

விறகுக் கட்டை

பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று ஊரே கேட்ட காலம் அது. கோபால்ராவோ, மனைவி படித்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். அவரே பாடம் சொல்லிக் கொடுத்தார். ஆனால் முன்கோபக்காரர். 10 வயதில் விறகுக் கட்டையால் அடித்ததையும், 12 வயதில் புத்தகங்களை வீசி எறிந்ததையும், ஆனந்திபாய் பின்னாளில் கணவருக்கு எழுதிய கடிதத்தில் நினைவுபடுத்தி இருக்கிறார். அதே கணவர் இல்லாவிட்டால் அவர் எழுத்து அறிந்திருக்க மாட்டார் என்பதும் உண்மை.

14-வது வயதில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தக்க வைத்தியம் கிடைக்காமல் 10 நாளில் இறந்துவிட்டது. பெண்களைக் கவனிக்கப் பெண் டாக்டர்கள் வேண்டும், தானே டாக்டர் ஆகவேண்டும் என்ற எண்ணம் அந்தத் துக்கத்தில் பிறந்தது.

கப்பல் ஏறினார்

கோபால்ராவுக்கு அலிபாக், கோலாப்பூர், பூஜ், கல்கத்தா என்று மாற்றலுக்கு மேல் மாற்றல். போன இடமெல்லாம் மனைவியின் படிப்பும் கூடவே போனது. மனைவியைப் படிக்க வைக்க உதவி கேட்டு அவர் எழுதிய கடிதம், அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்தது. பல் வைத்தியரைப் பார்க்கக் காத்திருந்த கார்ப்பெண்டர் என்ற அம்மையார் அதைப் படித்து, உதவ முன்வந்தார்.

1883-ம் ஆண்டு ஏப்ரலில் ஆனந்திபாய் கல்கத்தாவில் கப்பல் ஏறினார். அப்போது வயது 18. கணவர் உடன் செல்லவில்லை. அதற்கு முன் ஸ்ரீராம்பூர் கல்லூரியில் பேசியபோது, இந்துவாகவே போய் இந்துவாகவே திரும்புவேன் என்று ஊராருக்கு உறுதி கூறினார்.

ஜூன் மாதம் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். கார்ப்பெண்டர் அம்மையாரை, தாயின் சகோதரியை அழைப்பதுபோல் மாவ்ஷி என்றே அழைத்தார். பிலடெல்பியாவில் உள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. கடும் குளிர். சேலையையும் சைவ உணவையும் அவர் விடவில்லை. உடல்நலம்தான் கெட்டது.

பட்டமளிப்பு விழா

1886-ம் ஆண்டு மார்ச் 11-ந்தேதி பட்டமளிப்பு விழா. முந்திய ஆண்டே அமெரிக்கா வந்துவிட்ட கோபால்ராவ், மனைவி பட்டம் பெறுவதைக் கண்ணால் பார்த்தார். உறவினரான பண்டித ரமாபாய், தன் சிறு மகளுடன் இங்கிலாந்தில் இருந்து கடல் கடந்து வந்திருந்தார். விக்டோரியா மகாராணியின் வாழ்த்தும் கிடைத்தது.

ஆனந்திபாய்க்கு வயது 21 கூட நிறையவில்லை. அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். பட்டத்துக்கு அவர் ஆராய்ந்து எழுதிய பொருள், இந்துக்களின் பிரசவ வைத்தியம். உயிரோடு இருந்திருந்தால் அவர் மகனுக்கு அப்போது பள்ளிக்குப் போகும் வயது.

திரும்பி வந்தார்

கோலாப்பூர் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டுக்குப் பொறுப்பு டாக்டராக நியமனம் ஆனது. கணவனும் மனைவியும் நவம்பர் மாதம் பம்பாய் வந்து இறங்கினார்கள். ஒரு காலத்தில் ஏசிய ஊரே வரவேற்றது.

ஆனால் காசநோய் முற்றிவிட்டது. கோலாப்பூர் வேலையை ஏற்கவே முடியவில்லை. 1887-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந்தேதி புனாவில் ஆனந்திபாய் காலமானார். பட்டம் பெற்று ஓர் ஆண்டு கூட ஆகவில்லை.

அவருடைய அஸ்தி அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. மாவ்ஷி அதைத் தங்கள் குடும்பக் கல்லறை இடத்தில், சொந்த மகளுக்குச் செய்வதுபோல் அடக்கம் செய்தார். நியூயார்க் மாநிலம் போக்கீப்சி நகரில் அந்தக் கல்லறை இருக்கிறது.